தேஜப்பாவின் ஃபியூஸ் கட்டை

தேஜப்பா பங்கேராவுக்குச் சாமி பயம் கிடையாது. பெண்டாட்டி பயம் கொஞ்சம் உண்டு. இடி என்றால் உயிரே போய்விடும். மேற்கே கடல் பக்கம் வானம் ஒரு தடவை உறுமினால் போதும், தின்றுகொண்டிருந்த நீர்தோசையை அப்படியே போட்டுவிட்டு ஓடிப்போய் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கி இடுப்பில் செருகிக்கொள்வான். இடி இடித்தால் கரண்டை அணைப்பது எங்கள் ஊர் நேரலபைலில் எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம்தான். பாக்குத் தோப்புக்கு நடுவே குடியிருக்கிறோம், வருஷத்துக்கு நாலு தென்னையாவது கருகும். ஆனால் நாங்கள் டிவி பிளக்கைக் கழற்றுவதோடு நிறுத்துவோம். அவன் கட்டையையே பிடுங்கி, மழை விட்டு இரண்டு மணி நேரமானாலும் திருப்பி மாட்டமாட்டான். அவன் வேலை பார்த்த கோயில் கிளை ஆபீஸ் என் வீட்டு நெல் அறையில்தான் இருந்தது. இரண்டுக்கும் ஒரே மீட்டர். அவனுடைய பயத்துக்கு நான் இருட்டில் உட்கார்ந்து கஞ்சி குடிக்க வேண்டியிருந்தது.

இந்தப் பயம் பம்பாயில் பிடித்தது. எங்கள் ஊர் ஆண்பிள்ளைகள் எல்லோரையும் போல அவனும் பதினைந்து வயதில் ஓட்டலில் தட்டு கழுவப் போனான். கை சுத்தம் என்று பெயரெடுத்து, ஒரு லாட்ஜில் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிற வேலைக்கு உயர்ந்தான். ஒரு மழைக்காலத்தில் இடி இறங்கிப் பெட்டி புகைந்தது. யார் எந்த அறையில் தங்கியிருக்கிறார்கள் என்று சொல்ல ஒரு எழுத்துகூட மிஞ்சவில்லை. முதலாளி சட்டையைப் பிடித்து வெளியே தள்ளினான். ரயிலேறி மங்களூரில் இறங்கின பிறகுதான் பார்த்தானாம், அந்தப் பெட்டியின் எலி, அதுதான் மவுஸ், இன்னும் கையிலேயே இருந்தது. அந்த எலியின் ஒயரில்தான் அவன் பெண்டாட்டி ஜலஜாட்சி அவரைக்கொடியைக் கட்டியிருக்கிறாள்.

ஊருக்கு வந்த கொஞ்ச நாளில் சாந்திபாடி தேவி கோயில்காரர்கள் மலையோரத்தில் ஆறு கிளை திறந்தார்கள். எங்கள் கிளைக்குத் தேஜப்பா வந்தான். வேலை என்னவென்றால், வேண்டுதலை எழுதிக்கொள்வது.

சாந்திபாடி தேவிக்கு ஆட்டம் என்றால் அவ்வளவு ஆசை. பிள்ளை பிறக்க வேண்டும், வழக்கு ஜெயிக்க வேண்டும், காட்டுப்பன்றி தோப்பில் இறங்கக் கூடாது, எதற்கும் நாங்கள் நேர்ந்துகொள்வது வீட்டு முற்றத்தில் ராத்திரிக் கூத்தாக ஒரு யட்சகான ஆட்டம்தான். கோயிலுக்கு நாலு மேளா உண்டு, நாலு ஆட்டக் குழு. கார்த்திகையில் சலங்கை கட்டினால் வைகாசி பத்தாம் நாள்தான் அவிழ்ப்பார்கள். தினமும் நாலு ஊரில் ஆடியும் வரிசை தீராது. இன்றைக்கு நேர்ந்துகொண்டவனுக்கு நாள் கிடைக்க இருபது வருஷம் ஆகலாம்.

நான் நேர்ந்துகொண்டது ஆற்றுத் தொங்குபாலத்தை வெள்ளம் அடித்துக்கொண்டு போன வருஷம். என் புருஷன் ஐத்தப்பா கள்ளை விட்டால் ஒரு ஆட்டம் போடுகிறேன் என்றேன். தேவி உடனே காரியத்தை முடித்துக் கொடுத்தாள், அதில் நான் குறை சொல்லமாட்டேன். மனுஷர் கள்ளை விட்டார். ஆனால் ஆட்டம் வருவதற்குள் உயிரையும் விட்டார். அதன் பிறகும் என் வரிசை நகரவில்லை. ஒரு கண்ணில் புரை விழுந்து ஆபரேஷன் ஆயிற்று, இன்னொன்றிலும் விழ ஆரம்பித்தது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் விளக்கேற்றும்போது தேவியிடம் கறாராகச் சொல்லிவிடுவேன்: கண் தெரியும்போது அனுப்பு, இல்லாவிட்டால் என்னைக் கேட்காதே.

வரிசை நகராததற்குக் காரணம் தேவி இல்லை, லைன்.

தேஜப்பா என் நெல் அறையில் உட்கார்ந்து எழுதுவது, இன்டர்நெட் லைன் இருந்தால் சாந்திபாடியில் இருக்கிற பெரிய பெட்டிக்கு ஓடிப்போய்ச் சேரும். லைன் இல்லையென்றால் இங்கேயே குந்திக்கொண்டிருக்கும். எங்கள் ஊர் லைன் பாக்கு மரத்துக்குப் பாக்கு மரம் தாவி வருகிற லைன். குரங்குக்கும் அதே வழிதான். ஆனி, ஆடி, ஆவணி மூன்று மாதமும் மரம் விழும், மண் சரியும். சில சமயம் பாதி போய் அறுந்துவிடும். அப்போது பெட்டி மறுபடி முதலிலிருந்து அனுப்பும். ஒரு மழைக்காலத்தில் கீழ்வீட்டுக் கிட்டண்ணாவின் ஒரே வேண்டுதல் இப்படி ஏழு தடவை போய்ச் சேர்ந்து, ஏழு ஆட்டம் என்று பெரிய பெட்டி சொன்னது. ஏழு ஆட்டத்துக்கு எங்கே போவது என்று மனுஷன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

லைன் வராதபோது தேஜப்பா எல்லாவற்றையும் ஒரு பென்டிரைவில் ஏற்றி, பிளாஸ்டிக்கில் சுற்றி, வெற்றிலைப் பையில் போட்டுக்கொண்டு எட்டு மணி பஸ்ஸுக்கு ஓடுவான். பாதி நாள் மரம் விழுந்து பஸ் காட்டிலேயே நிற்கும். அவன் போய்ச் சேர்வதற்குள் டவுன்காரர்களின் வேண்டுதல் எல்லாம் முன்னால் போய் உட்கார்ந்திருக்கும். பெரிய பெட்டிக்கு ஒரே சட்டம்தான்: முதலில் வந்தது முதலில்.

இதற்காகத் தேஜப்பா கோயிலுக்கே போய்ச் சண்டை போட்டான். கூட நானும் போனேன், இல்லாவிட்டால் அவன் கும்பிட்டுவிட்டுத் திரும்பியிருப்பான். மேனேஜர் ஸ்ரீபதி ராவ் நல்ல மனுஷர்தான். விசிறிக்குக் கீழே உட்கார்ந்தால் மட்டும் காது கேட்காது.

"ராயரே, கடைசியா வந்து சேர்ந்ததுன்னா கடைசியா வேண்டிக்கிட்டதுன்னு அர்த்தமா?" என்றான் தேஜப்பா. "எங்க ஊர்ல மரம் விழுந்ததுக்கு வேண்டிக்கிட்டவங்க என்ன செய்வாங்க?"

"அப்ப எப்படி வரிசை போடறது, நீயே சொல்லு."

"வந்து சேர்ந்த தேதியப் பாக்காதீங்க. கிளையில எழுதின தேதியப் பாருங்க. அது பெட்டியே போட்டுக்கும். நடுவுல லைன் போனாலும் தேதி மாறாது."

ராயர் எழுந்து விசிறியை அணைத்தார். நியாயம்தான் என்று ஒத்துக்கொண்டார். அந்த வருஷம் ஆடி அமாவாசைக்குள் எல்லாக் கிளையும் தங்கள் வேண்டுதல்களைப் புதிதாக எழுதி அனுப்ப வேண்டும், கிளைப் பெட்டி போட்ட தேதிப்படி வரிசை என்று உத்தரவு வந்தது. ஊரே தேஜப்பாவைத் தலையில் வைத்து ஆடியது. என் வேண்டுதலைத்தான் முதலில் எழுத வேண்டும் என்று விடியற்காலையிலேயே ஆபீஸ் கதவை மறித்துக்கொண்டு உட்கார்ந்தேன். முதல் நாள் ராத்திரி இடி என்று பிடுங்கிய கட்டையை அப்போதுதான் மாட்டினான். பெட்டி முனகிக்கொண்டு எழுந்தது. என்னை எழுதினான். மற்றவர்களையெல்லாம் பத்து நாளில், மழைக்கும் இடிக்கும் நடுவே எழுதி முடித்தான். நாற்பத்து மூன்று வேண்டுதல்.

ஆடி அமாவாசையன்று ஊர் வழக்கப்படி வெறும் வயிற்றில் பாலைமரப் பட்டைச் சாறு குடித்துவிட்டு எல்லோரும் முகத்தைக் கோணிக்கொண்டிருந்தோம். மூன்றாம் நாள் லைன் வந்தது. பட்டியலும் வந்தது. தேஜப்பா சத்தமாக வாசித்தான்.

"கார்த்திகை முதல் ஆட்டம். ஒண்ணாம் மேளா, நேரலபைல் பூவக்கா."

நான் எதிர்பார்த்ததுதான் என்பது போல் உட்கார்ந்திருந்தேன்.

"ரெண்டாம் மேளா, நேரலபைல் கிட்டண்ணா. மூணாம் மேளா, நேரலபைல்... நாலாம் மேளாவும் நேரலபைல்." அவன் குரல் இறங்கிக்கொண்டே போயிற்று. மறுநாளும் நேரலபைல். அதற்கு மறுநாளும் நேரலபைல். பதினோரு நாள், நாலு மேளாவும், அறுபது வீடுள்ள எங்கள் ஊரிலேயே.

கிட்டண்ணா கை தட்டினான். எல்லோரும் தட்டினார்கள். ஜலஜாட்சிதான் கேட்டாள்:

"ஒவ்வொரு நாளும் நாலு வீட்டுல ஆட்டம்னா எல்லாரும் அவங்கவங்க ஆட்டத்துல இருப்பாங்க. பாக்கறது யாரு, மாடா?"

கூட்டம் கலைந்த பிறகு தேஜப்பா என் அடுக்களை வாசலில் வந்து நின்றான். இடி இல்லாமலேயே முகம் வெளுத்திருந்தது.

"பூவக்கா, தப்பு நடந்துபோச்சு."

"என்ன தப்பு? என் பேரு மொதல்ல வந்தது தப்பா?"

"நீங்க ரெண்டாயிரமாம் வருஷம் ஜனவரி ஒண்ணாந்தேதி, நடு ராத்திரி பன்னெண்டு அடிச்சு நாலு நிமிஷத்துக்கு எழுதிக்கிட்டதா இருக்கு."

"அந்த நேரத்துல நான் குறட்டை விட்டுட்டிருந்திருப்பேன்."

"நாப்பத்து மூணு பேருக்கும் அதே தேதிதான். பெட்டிக்குள்ள காசு மாதிரி ஒரு குட்டி பேட்டரி இருக்கு. கரண்டு இல்லாதப்ப அதுதான் தேதிய ஞாபகம் வச்சுக்கும். அது செத்துப்போயிருக்கு. நான் கட்டைய மாட்டறப்பல்லாம் பெட்டி இன்னிக்குத்தான் பொறந்த மாதிரி அந்த ஜனவரிலேர்ந்து ஆரம்பிச்சிருக்கு. நான் சுவத்துக் காலண்டரப் பாத்துட்டு இருந்தேன், பெட்டியோட மூலையப் பாக்கல. ராயருக்குச் சொல்லிடறேன்."

"என்னன்னு சொல்லுவே?"

"எங்க கிளைத் தேதி தப்புன்னுதான். வேற என்ன சொல்றது?"

"சொன்னா என் ஆட்டம் எங்க போகும்?"

எங்கே என்று எனக்கே தெரியும். கடைசிக்குப் போகும். இருபது வருஷம். எனக்கு அப்போதே எழுபத்தெட்டு.

"தேஜு, நல்லாக் கேளு. தேவியே பாத்துப் போட்ட தேதி இது. நீ நடுவுல வாயத் தெறக்காதே."

"தேவி போடல பூவக்கா, செத்த பேட்டரி போட்டது."

"அதுக்குள்ள தேவி இருக்கமாட்டாளா? நீ என்ன அளந்து பாத்தியா?"

மலையில் போன் பிடிக்காது. அவன் சொல்வதாக இருந்தால் பெட்டி வழியாகத்தான் சொல்ல வேண்டும். காலையில் வந்து எழுதி அனுப்புகிறேன் என்று போனான். அவன் முதுகு மறைந்ததும் நான் நாற்காலியில் ஏறி ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கி அரிசிப் பானைக்குள் புதைத்தேன். இத்தனை வருஷம் அவன் பிடுங்கினான், ஒரு தடவை நான் பிடுங்கினால் என்ன? மூன்று நாள் ஆபீஸ் இருட்டு. அவன் வந்து மீட்டரைப் பார்ப்பான், என்னைப் பார்ப்பான். நான் கொள்ளுப் புடைப்பேன். எட்டு மணி பஸ்ஸும் மண்சரிவில் நின்றுவிட்டிருந்தது. தேவி என் பக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

நாலாம் நாள் சரிந்த மண்ணைச் சுற்றிக்கொண்டு ஒரு ஜீப் வந்தது. மேனேஜர் ராயர் இறங்கினார். பின்னாலேயே கல்குவாரி மோனப்ப ஷெட்டி. முதல் நாள் ஆட்டம் தனக்குத்தான் என்று அவர் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார், பந்தலுக்குச் சொல்லிவிட்டார், மந்திரி ஒருத்தருக்கும் சொல்லிவிட்டாராம்.

"யார்டா தேஜப்பா? மலைல உக்காந்துக்கிட்டு ஊர் ஆட்டத்தையெல்லாம் திருடினவன்?" என்றார் ஷெட்டி.

"திருடல ஷெட்ரே. பெட்டித் தேதி தப்பாயிடுச்சு."

"தப்பாயிடுச்சுன்னா நாலு நாளா ஏன் சொல்லல?" ராயர் கேட்டார். "வரிசை மாத்தச் சொல்லிச் சண்டை போட்டவன் நீ. அடுத்த மாசமே உங்க ஊர் முன்னால வந்து நிக்குது. இதப் பாத்தா யாருக்கு என்ன தோணும் மாராயா? சாவிய வச்சுட்டுப் போன்னு சொல்ல வேண்டியிருக்கு."

தேஜப்பா என்னைப் பார்க்கவேயில்லை. "நாலு நாளா கரண்டு இல்ல ராயரே" என்று மட்டும் சொன்னான்.

பக்கத்து வீட்டில் கரண்டு ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. ராயருக்குக் காது நன்றாகவே கேட்டது.

பம்பாயில் ஒருத்தன் சட்டையைப் பிடித்துத் தள்ளினான், அப்போது இடிதான் காரணம் என்று இவனால் சொல்ல முடியவில்லை. இப்போது காரணம் நான் என்று சொல்ல முடியும், சொல்லவில்லை. எனக்கு எரிச்சலாக வந்தது. உள்ளே போய் அரிசிப் பானையில் கையை விட்டுக் கட்டையை எடுத்து வந்து ராயர் முன்னால் வைத்தேன். இரண்டு அரிசி ஒட்டியிருந்தது.

"நான்தான் பிடுங்கினேன். அவன் மொத நாளே சொல்லணும்னு நின்னான். கேளுங்க, என்ன கேக்கணுமோ என்னக் கேளுங்க."

ஷெட்டி வாயைப் பிளந்தார். ராயர் தாடையைச் சொறிந்தார். "சரிம்மா. உண்மையச் சொன்னீங்க. இப்ப இந்த நாப்பத்து மூணையும் அழிச்சிட்டு, இன்னிக்குத் தேதி போட்டு எழுதிக்கலாம்."

"இன்னிக்கா? நான் இன்னிக்கா வேண்டிக்கிட்டேன்? ஐத்தப்பா எரிஞ்ச எடத்துல வச்ச தென்னை காய்க்க ஆரம்பிச்சாச்சு. செத்தவரோட கள்ளுக்கு இன்னிக்கு வேண்டிக்க எனக்கென்ன பைத்தியமா?"

"அம்மா, பெட்டில வேற தேதி இல்லையே."

"பெட்டியக் கேட்டா? அது இடி இடிச்சா தான் பொறந்த நாளையே மறந்துடுது. வேண்டிக்கிட்டது நான். என்னக் கேளுங்க. தொங்குபாலம் போன வருஷம், ஆனி மாசம், செவ்வாய்க்கிழமை."

"வாயால சொன்னா எப்படி..." என்று ராயர் ஆரம்பித்தபோது தேஜப்பா எழுந்து மூலையில் இருந்த நெல் தகர டின்னைத் திறந்தான். அதற்குள் பிளாஸ்டிக், அதற்குள் பழைய துண்டு, அதற்குள் தடிமனான நோட்டுகள் மூன்று. கம்ப்யூட்டர் வருவதற்கு முன்னால் கோயில் ஆள் ஊர் ஊராக வந்து வேண்டுதல் எழுதிய நோட்டு. கம்ப்யூட்டர் வந்ததும் பெயர்களைப் பெட்டியில் ஏற்றிவிட்டு நோட்டுகளைப் பழைய பேப்பர்காரனுக்குப் போட எல்லாக் கிளைக்கும் சொல்லியிருந்தார்கள். மற்ற ஐந்து கிளையும் போட்டுவிட்டன. பம்பாயில் பெட்டி புகைந்ததைப் பார்த்தவன் போடவில்லை.

பக்கத்தைப் புரட்டினான். நம்பர், தேதி, கீழே கட்டைவிரல் ரேகை. எனக்குச் சின்ன வயதில் அரிவாள் பட்டுக் கட்டைவிரலில் குறுக்கே ஒரு தழும்பு. நோட்டில் இருந்த ரேகையிலும் குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு. ராயர் மை டப்பாவைத் திறந்தார். நான் பக்கத்திலேயே இன்னொன்று அழுத்தினேன். மூன்று பேரும் தலையை முட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார்கள்.

"ஷெட்ரே, உங்களோடது எப்ப?" என்று ராயர் கேட்டார்.

"குவாரி தெறந்தப்ப."

"இவங்க அதுக்கு நாலு வருஷம் முந்தி."

ஷெட்டி என்னைப் பார்த்தார். "என்னாம்மா, இப்ப என் மொத நாள நீங்க எடுத்துக்குவீங்களா?"

"குடுங்க, வேண்டாங்கல."

ஆனால் கணக்கு அப்படி வரவில்லை. அதன் பிறகு பெட்டி போட்ட தேதியும் கிடையாது, வந்து சேர்ந்த தேதியும் கிடையாது. மனுஷன் வேண்டிக்கொண்ட நாள் எதுவோ அதைக் கையால் எழுதி அனுப்ப வேண்டும், நோட்டோ சாட்சியோ இருக்க வேண்டும் என்று ராயர் உத்தரவு போட்டார். அந்தப்படி எல்லாக் கிளையையும் சேர்த்து அடுக்கினால் எங்களுக்கு முந்தியவர்கள் வேறு ஊர்களில் நிறைய இருந்தார்கள். ஷெட்டிக்கு அடுத்த வருஷம் போயிற்று, மந்திரியிடம் அவர் என்ன சொன்னாரோ. கிட்டண்ணாவுக்கு மூன்று வருஷம் கழித்து. எனக்கு அந்த வருஷத்துக் கடைசி ஆட்டம், வைகாசி ஒன்பது. மறுநாள் சலங்கை அவிழ்ப்பு.

"மழை பிடிச்சுக்கற நேரமாச்சே ராயரே."

"வேண்டாம்னா அடுத்த..."

"வேண்டாம்னு நான் சொல்லவேயில்லை."

ராயர் ஜீப்பில் ஏறும்போது தேஜப்பா சாவியை நீட்டினான். "அத உன்கிட்டயே வச்சுக்கோ. அந்தப் பேட்டரிய மாத்து" என்றார்.

வைகாசி ஒன்பதாம் நாள் என் முற்றத்தில் பந்தல். ஊரே வந்தது, மாடுகளைத் தவிர. மேளாவின் ஜெனரேட்டர் வழியில் படுத்துவிட்டதால் என் மீட்டரிலிருந்து ஒயர் இழுத்து விளக்குப் போட்டிருந்தார்கள். நான் முன் வரிசையில், அப்போதுதான் ஆபரேஷன் ஆன இரண்டாம் கண்ணில் பச்சைத் துணி, மற்றக் கண்ணால் பார்த்தேன். தேவி வந்தாள், கிரீடம் மின்னியது. மகிஷாசுரன் வரப்போகிற நேரத்தில் மேற்கே உறுமியது.

நான் திரும்பிப் பார்த்தேன். தேஜப்பாவின் நாற்காலி காலி.

"தேஜூ! தொடாதேடா!" என்று கத்தினேன். முற்றம் முழுக்க இருட்டு. ஒரு நொடிதான். அதற்குள் பின்பக்கத் தோப்பிலிருந்து இரண்டு கையிலும் தீப்பந்தம் ஏந்தி, கொம்பை ஆட்டிக்கொண்டு, கூட்டத்தைப் பிளந்து மகிஷன் வந்தான். இருட்டில் அந்த நெருப்பைத் தவிர வேறொன்றும் இல்லை. சின்னதுகள் அலறின. கிட்டண்ணா நாற்காலியோடு பின்னால் விழுந்தான். இப்படி ஒரு மகிஷனை யாரும் பார்த்ததில்லை என்று இன்றைக்கும் சொல்கிறார்கள், மேளாக்காரர்களே யோசித்துச் செய்ததாக நினைத்துக்கொண்டு. என் அரைக் கண்ணுக்கே கொம்பு நுனி வரை தெரிந்தது. மீதி ஆட்டம் பெட்ரோமாக்ஸில் நடந்தது. கட்டையை இடுப்பில் செருகிக்கொண்டு தேஜப்பா என் காலடியில் வந்து உட்கார்ந்தான். ஒரு குட்டு வைத்தேன், பிறகு சுண்டல் பொட்டலத்தைக் கொடுத்தேன்.

மறுநாள் அவன் பெட்டியில் என் பெயருக்கு நேரே 'முடிந்தது' என்று எழுதினான். எழுதினது எழுதினபடி உட்கார்ந்திருந்தது. முந்தின ராத்திரி இடியில் லைன் கருகிவிட்டது. மழை முன்னதாகவே பிடித்துக்கொண்டு பஸ்ஸும் நின்றது.

இந்த ஆடி அமாவாசைக்குப் பாலைப்பட்டைச் சாறு குடித்து வாய் கசந்து உட்கார்ந்திருந்தபோது லைன் அரை மணி நேரம் உயிர் பெற்றது. பெரிய பெட்டியிடமிருந்து புதுப் பட்டியல் வந்தது. போன வருஷத்து ஆட்கள் எல்லோரும் ஆடி முடித்துப் பட்டியலிலிருந்து நீங்கிவிட்டார்கள். முடிந்ததாகத் தெரியாத வேண்டுதல்களில் மிகப் பழையது முன்னால் நிற்கும் அல்லவா?

தேஜப்பா அடுக்களை வாசலில் வந்து நின்றான்.

"பூவக்கா, கார்த்திகை முதல் ஆட்டம், ஒண்ணாம் மேளா..."

"யாரு?"

"நீங்கதான். ஆட்டம் முடிஞ்சது அங்க தெரியல. சொல்லணும்."

"சொல்லு, யாரு வேண்டாங்கறா? அரிசிப் பானையத் தெறந்து காட்டட்டா? நான் ஒண்ணையும் ஒளிக்கல."

அவன் ஆபீஸுக்குத் திரும்பினான். பெட்டியின் முன் உட்கார்ந்து இரண்டு எழுத்து தட்டியிருப்பான். கடல் பக்கம் வானம் உறுமியது. நாற்காலி இழுபடுகிற சத்தம் கேட்டது, என் அடுக்களை விளக்கும் அணைந்தது.

கட்டை அவன் இடுப்பில் இருக்கிறது. மழை விடட்டும், லைன் வரட்டும், சொல்லட்டும். எனக்கு ஒன்றும் அவசரமில்லை.